ஏரிக்கரைக் கிளை

செம்பூர் ஏரிக்கரையில் மரம் கழித்த காலையில் அங்கே நின்றவர்கள் நால்வர்: காலனிச் செயலாளர் வேங்கடசுப்ரமணியன், அவர் மகள் சாதனா, மரம் வெட்டும் கேஷவ், சேதி கேட்டுப் பறவைகளைக் காப்பாற்றத் தாராவியிலிருந்து ஓடிவந்த இசக்கிராஜ்.

மழைக்கு முன் கிளை கழிப்பது பம்பாய் வழக்கம். அதே மாதத்தில்தான் கொக்குகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அறுபட்ட கிளையோடு கூடுகளும் சேற்றில் விழுந்தன... பாதிக் குஞ்சுகள் அசையவில்லை.

முதல் தூறல் விழுந்தது. சாதனா குடையோடு விழுந்த கூடுகளிடம் ஓடினாள்.

"அங்கனயே நில்லுங்க! காலடியில குஞ்சு ஒண்ணு கெடக்கு," என்றான் சேற்றில் குனிந்திருந்த இசக்கிராஜ்.

"மிரட்டாம சொல்லத் தெரியாதா?"

"தெரியும் மேடம். நீங்க மிதிச்ச பெறவு பதவிசா சொல்லுதேன்."

நிமிர்ந்தான். மழைத்துளி தங்கிய இமைகள்... உள்ளே எரியும் கண்கள். அவள் குடையை, குஞ்சுகளை எடுத்துவைத்து அவன் கையில் ஏந்தியிருந்த அட்டைப்பெட்டிக்கு மேல் பிடித்தாள்.

"நீங்க நனையறேளே?"

"நான் கூட்டுலேருந்து விழலியே... இத வெட்டச் சொன்ன பெரிய மனுசன் யாரு?"

கார்மேல் எச்சம் விழுகிறதென்று வெட்டச் சொன்ன அப்பா சற்றுத் தள்ளித்தான் நின்றார். சாதனா பெட்டியைக் குனிந்து பார்த்தாள்.

"யாரோ..." என்றாள்.

அதன்பின் அவன் எடுத்துப்போன குஞ்சுகளைப் பற்றித் தினமும் போனில் கேட்டாள். மீன் தின்கின்றன, சிறகடிக்கின்றன என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். அந்தக் குரலுக்காகவே காத்திருப்பது அவளுக்கே தெரிந்துபோயிற்று...

மிச்ச மரங்களையும் கழிக்கக் காலனிக் கூட்டம் கூடியது. கூடாதென்று கேட்க இசக்கிராஜ் வந்தான்.

"குஞ்சு திருட ஏறினவன் இவன்தான். கூடு இருந்த கிளையை நாங்க வெட்டல, இவன் ஏறினதுல முறிஞ்சது. போலீஸைக் கூப்பிடுங்கோ," என்றார் வேங்கடசுப்ரமணியன்.

இப்போது வாயை மூடினால் மரமும் போகும், அவனும் போவான். சாதனா எழுந்தாள்.

"நீங்கதான்ப்பா வெட்டச் சொன்னேள். நான் பக்கத்துலதான் நின்னேன்."

அவள் இசக்கிராஜ் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு யாரோன்னு சொன்னது பொய். உங்க கண்ணைப் பார்த்துண்டு அவர் பேரைச் சொல்ல முடியல... உங்களைப் பிடிச்சுப்போச்சு."

அவன் தலைகுனிந்தான். "நானும் பொய்தான் சொன்னேன். குஞ்செல்லாம் அன்னிக்கு ராத்திரியே செத்துட்டு. சொன்னா நீங்க போன் பண்ண மாட்டியளோன்னு..."

அவள் அழுதாள். அவன் கையைப் பற்றிக்கொண்டுதான் அழுதாள்.

மிச்ச மரங்கள் தப்பின. அந்த ஆண்டு அவற்றில் ஒரு கொக்கும் வந்து அடையவில்லை.

செயலாளர் மகள் ஓடிப்போனாள் என்று தமிழர் நிறைந்த மாட்டுங்கா வரை பேச்சு. பொய். அவள் ஓடவில்லை. பட்டப்பகலில், அப்பாவிடம் சொல்லிக்கொண்டு, முன்வாசல் வழியாக இசக்கிராஜோடு போனாள்.