கடைசி உத்தரவு

பள்ளி மண்டபத்துக்குள் காலெடுத்து வைத்ததுமே அவருக்கு எண்ணெய் கருகும் நாற்றம் அடித்தது. புதிதாக வெள்ளையடித்த சுவர், வாசலில் பூச்சாடிகள், மேடையில் துணி போர்த்திய நினைவுக்கல். எதிலிருந்தும் அந்த நாற்றம் வர வழியில்லை. மைக் பொருத்திக்கொண்டிருந்தவரிடம் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே சார். வயரெல்லாம் புதுசு."

போர் முடிந்து நாற்பது வருஷம் ஆகிவிட்டது. அன்று விழுந்த குண்டுவீச்சு விமானத்தில் இருந்தது இரண்டே பேர். விமானிக்கு இருபத்திரண்டு வயது. வழி கணித்துச் சொல்லும் நேவிகேட்டர் இவர். உயிரோடு திரும்பியது இவர் மட்டும்தான் என்பதால், இவர் சொன்னதே வரலாறு ஆனது. கல்லில் பொறித்திருந்ததும், விமானியின் கடைசி உத்தரவு என்று இவர் சொன்ன வாக்கியம்தான்: 'நீ குதி, நான் பார்த்துக்கொள்கிறேன்.'

முன்வரிசையிலிருந்த விமானியின் அக்கா இவர் கையைப் பிடித்துக்கொண்டார். எழுபதைத் தாண்டியவர்.

"தம்பி, கடைசியா அவன் பயந்தானா?"

"இல்லக்கா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான்."

நாக்கு கூசவில்லை, அவ்வளவு பழகிய பொய். ஆனால் அக்கா அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது, அந்தத் தோலையே உரித்து எறிந்துவிடலாம் போலிருந்தது.

இவர் மேடை ஏறினார். எல்லாரும் எழுந்து இரண்டு நிமிஷம் மௌனமாக நிற்கும்படி தலைமை ஆசிரியர் கேட்டுக்கொண்டார். நாற்காலிகள் நகர்ந்து அடங்கின. மின்விசிறிகளை நிறுத்தினார்கள், நிறுத்திய பிறகும் கூரைக்கு மேலே வெகு உயரத்தில் ஓர் எஞ்சின் திக்கித் திக்கி ஓடுவது போன்ற இரைச்சல் கேட்க, நாற்றம் தொண்டைக்குள் இறங்க, மேடை மெல்ல இடப்பக்கம் சாய்வதாகப் பட்டு அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வேறு ஒரு தலைகூட நிமிரவில்லை. அவரும் கண்ணை இறுக மூடினார்.

அன்றும் விமானம் இப்படித்தான் சாய்ந்தது. அவரை யாரும் குதிக்கச் சொல்லவில்லை. எதிரிக் குண்டு பட்டு முன்பக்கம் நசுங்கி, விமானியின் கால்கள் இரண்டும் மாட்டிக்கொண்டன. "இழுடா என்னை," என்று கையை நீட்டினான். தீ இன்னும் அவனிடம் வந்து சேரவில்லை. இழுத்துப் பார்க்க நேரம் இருந்தது. இவர் கதவைத் திறந்தார். ஹெட்போன் வயர் அறுந்துபோகும்வரை அந்தக் குரல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அம்மாவை அல்ல. இவரை. இவர் பெயரைச் சொல்லி.

கண்ணைத் திறந்தார்.

குனிந்த தலைகள். மூடிய கண்கள். முன்வரிசையில் ஒருவன் மட்டும் எழுந்து நிற்கவில்லை. அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில். முழங்காலுக்குக் கீழே அவன் தரைக்குள் புதைந்திருந்தான். நாற்காலியைப் பிடித்து உந்தினான். முடியவில்லை. மறுபடி உந்தினான். தோளிலிருந்து புகை எழுந்தது.

இவரைப் பார்த்தான். முகத்தில் கோபமே இல்லை. கையை நீட்டினான்.

நடுவில் மூன்றே படிகள். இன்னும் ஒரு நிமிஷம் முழுசாக இருந்தது.

இவர் கால் பின்னால் போனது. இன்னொரு அடியும் போனது.

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. தூக்கத்தில் குழந்தையைத் தேடுகிறவர்போலப் பக்கவாட்டில் துழாவி, நீண்டிருந்த அந்தக் கையைப் பற்றிக்கொண்டார். அக்காவின் விரல்கள் நுனியிலிருந்து கறுக்கத் தொடங்கின.

அவர் விடவில்லை.