மூச்சுக்கு ப்ராக்ஸி

நிலாவின் தென்முனைப் பல்கலைக்கழகத்தில் காலை உணவுக்கு முன் எல்லோரும் மூச்சாடியில் ஊதவேண்டும். உள்ளங்கையளவுக் கண்ணாடி, ஒவ்வோர் அறைக்கதவிலும் ஒன்று. பெயரைச் சொல்லி ஊதினால், மூச்சில் நோய் இல்லையென்றால் நீலம் எரியும், கதவு திறக்கும். சிவப்பு எரிந்தால் அந்தத் தளமே பூட்டிக்கொள்ளும். ஒரு தளத்துக்கு ஒரே காற்று என்பதால் வேறு வழியில்லை.

இதெல்லாம் தெரியாதவள் அல்ல இசக்கியம்மாள். தொற்றுநோய் விழிப்புணர்வுத் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கிய திருநெல்வேலிக்காரி. ஆனால் அன்று காலை அவளுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. அவள் தங்கியிருந்த மூன்றாம் தளத்து மாணவர்கள் ரோவர் வண்டியில் போய் முதன்முதலாக நிலாத் தரையில் நடக்கப்போகும் நாளும் அதுதான். தளம் பூட்டினால் நடை ரத்து. எல்லோரும் கரித்துக்கொட்டுவார்கள், ஊருக்கே திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள் என்று பயந்தாள்.

“ஏட்டி துஷி, எம் பேருக்கும் நீயே ஊதிரு. காலேஜ்ல ப்ராக்ஸி குடுப்போம்லா, அது மாதிரிதான்.”

அறைத்தோழி துஷ்யந்திக்கு யாழ்ப்பாணம். “ஊதிறன், அதிலென்ன. ஆனா கீழ்த்தளத்து அபெபாவும் எங்களோட ரோவரிலதானே வாறா?”

எத்தியோப்பியாவிலிருந்து வந்த அபெபா மூட்டு நோய்க்கு எடுக்கும் மருந்து, உடம்பின் எதிர்ப்பாற்றலைக் குறைத்துவிடும். மற்றவர்களைச் சில நாள் படுக்கவைக்கும் நிலாக்காய்ச்சல் அவள் உயிரையே வாங்கிவிடலாம். தேர்வில் இதே கேள்வி வந்திருந்தது. இசக்கி சரியாகத்தான் எழுதியிருந்தாள். எழுதும்போது அபெபாவின் முகம் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

“உமக்காக நான் மூச்சு விடலாமப்பா. அவவுக்காக ஆர் விடுறது?” என்றாள் துஷ்யந்தி.

இசக்கி அவளை விலக்கிவிட்டுத் தானே ஊதினாள். சிவப்பு. தளக்கதவுகள் தடதடவென்று மூடிக்கொண்டன. மூன்றாம் தளத்துக்கு நடை ரத்து என்று ஒலிபெருக்கி அறிவித்ததும் அறைக்கு அறை புலம்பல் கேட்டது.

அவள் தள ஒலிவாங்கியை அழுத்தினாள். மொழிமாற்றி அவள் பேச்சை எல்லா மொழியிலும் சொல்லியது. “எனக்குத்தான் காய்ச்ச. மறைக்கத்தான் பாத்தேன். அபெபாவ நெனச்சேன், முடியல. மன்னிச்சிருங்க.”

பிறகு பக்கத்து அறைப் பிரேசில்காரன் தானே ஊதினான்; அவன் மூச்சாடி சிவந்தது. அடுத்து எதிரறையில், அப்புறம் கோடியில் இரண்டு. நால்வருமே நண்பர்களை ஊதவைத்து நீலம் வாங்கியவர்கள்! ப்ராக்ஸிக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒரு பெயர் இருந்திருக்கிறது.

மருத்துவர் கோபிக்கவில்லை. ரோவர் கிளம்புமுன் ஐவரும் அகப்பட்டதால் காய்ச்சல் இந்தத் தளத்தைத் தாண்டாது என்றார். வைத்தியம் இங்கேயே, யாரும் ஊர் திரும்ப வேண்டியதில்லை என்றும் சொன்னார். இசக்கி கட்டிலில் உட்கார்ந்து அழுதே விட்டாள்.

மதியம் ரோவர் கீழ்த்தளத்திலிருந்து வந்த ஒரே ஒரு மாணவியோடு புறப்பட்டது. மூன்றாம் தளமே முகக்கவசத்தோடு பெரிய சாளரத்தில் மொய்த்து நின்றது. வெளியே வெள்ளை உடையில் அபெபா இறங்கினாள். முதல் அடியைத் தயங்கி வைத்தாள். அடுத்து ஒரே எம்பாக எம்பி, இரண்டு கைகளையும் உயர்த்தினாள். உள்ளே விசிலும் கூச்சலும் கூரையைப் பிய்த்தன.

“இன்னும் ஒசரமா குதிட்டீ, அபெபா!” என்று கத்தினாள் இசக்கி. கூட்டத்தில் அவளுக்கு வெளியே சரியாகத் தெரியவில்லை என்று கண்டு, பிரேசில்காரன் அவளைத் தூக்கித் தன் தோளில் உட்காரவைத்தான்.