கறுக்காத பாக்கெட்

செல்போன் அலறியது!

அலறிய இடம்... செத்துக் கிடந்த தனபாலின் சட்டைப் பை.

நாமக்கல்லைத் தாண்டி, திருச்செங்கோடு ரோட்டில் இருந்தது அந்த ஆட்டுக்கறி பேக்கிங் கூடம். காலை எட்டரை மணி. முதலாளி தனபாலுக்குப் பின்மண்டையில் ஒரே அடி. பக்கத்தில் ரத்தம் பூசிய எடைக்கல்.

போனை எடுத்தவள் அவன் மனைவி மைதிலி.

"தனபால் சார்! கோயம்புத்தூர் சூப்பர் மார்க்கெட்ல இருந்து. நாளைக்கு லோடு எந்த பேக்கிங்? வேக்குவமா... கேஸ் ட்ரேயா? ஒன்பது மணிக்குள்ள சொல்லணும்!"

"சொல்றேங்க."

வைத்துவிட்டாள். புருஷன் செத்ததைக்கூடச் சொல்லவில்லை!

"பாத்தீங்களா மேடம்?" பார்ட்னர் வேலுமணி துள்ளினான். "ஒரு சொட்டுக் கண்ணீர்? ம்ஹூம்!"

இன்ஸ்பெக்டர் அறிவுச்செல்வி திரும்பினாள்.

"ஆறு மணியிலேர்ந்து ஏழுக்குள்ள உயிர் போயிருக்குன்னு டாக்டர் சொல்றார். அப்ப நீ எங்கம்மா இருந்தே?"

"ஆறு மணிக்கு இங்கதானுங்க. காப்பி குடுத்துட்டு ஊட்டுக்குப் போயிட்டேன். ஏழரைக்கு வந்தா... இப்படிக் கெடக்கறாருங்க."

"சாட்சி?"

"இல்லீங்க."

மைதிலிக்கு உடம்பு மரத்துப் போயிருந்தது. அழத்தான் நினைத்தாள். வரவில்லை.

"உங்களுக்கும் தனபாலுக்கும் சண்டையாமே?" அறிவுச்செல்வி வேலுமணியைக் கேட்டாள்.

"பேக்கிங் தகராறுங்க, மறைக்கல. வேக்குவத்துல காத்த உறிஞ்சிட்டா கறி கறுத்துப் போவுதுங்க. எவன் வாங்குவான்? கேஸ் ட்ரேல ஆக்சிஜன் அடைச்சா செவசெவன்னு இருக்கும். அவன் என்னடான்னா, வேக்குவம்தான் ரொம்ப நாள் தாங்கும்னு ஒத்தக்கால்ல நின்னான். அதுக்காக கொல்லுவாங்களா?"

"மேஜை மேல ரெண்டு சாம்பிள் இருக்கே?"

"ரெண்டும் நான் போட்டதுங்க. நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு என் கையாலயே லேபிள் எழுதி ஒட்டினேன். அப்பறம் ஊட்டுக்குப் போனவன், சேதி கேட்டு இப்பத்தான் வாரேன்."

அறிவுச்செல்வி பெருமூச்சு விட்டாள்.

"மைதிலி... ஜீப்ல ஏறு."

நடந்தாள். ஹாஸ்டலில் படிக்கும் மகள் கலைமணிக்கு யார் போன் செய்வார்கள்? அப்பன் பிணம், அம்மா ஜெயில் என்று அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வார்கள்? அந்த நினைப்பிலேயே மேஜையைக் கடந்தாள்.

நின்றாள்!

"ஏனுங்க வேலுமணியண்ணா... இந்த வேக்குவம் பாக்கெட்டு ஏன் இன்னும் செவப்பா இருக்குது?"

வேலுமணி அவசரமாக அந்தப் பாக்கெட்டை எடுக்கக் கை நீட்டினான்.

மைதிலி குளிர் அறைக் கதவை இழுத்துத் திறந்தாள். உள்ளே வரிசையாக வேக்குவம் பாக்கெட்டுகள். எல்லாமே நாவல்பழ நிறம்!

"இதெல்லாம் நேத்து சாயங்காலம் போட்டதுங்க மேடம். காத்து இல்லாம ராத்திரியே கறுத்துருச்சு. மேஜையில இருக்கறது இன்னைக்குக் காலைல போட்டதுங்க. லேபிள்ல மட்டும் நேத்து தேதி!"

"அந்த லேபிள்..." அறிவுச்செல்வி மெல்லத் திரும்பினாள். "உங்க கையெழுத்து. நீங்களே சொன்னீங்க!"

வேலுமணியின் முகம் கறுத்துப் போனது.

"கேஸ் மெஷின் வாங்கக் காடு தோட்டத்தை வித்துட்டு நிக்கறேனுங்க! வேக்குவம்தான்னு காலைல முடிவாச் சொல்லிட்டான். ஆத்திரத்துல அடிச்சுட்டேன்! கல்லு கைதவறி சாம்பிள் மேல விழுந்து வேக்குவம் பாக்கெட்டு கிழிஞ்சிருச்சு. வேக்குவம் சாம்பிள் மட்டும் கொறஞ்சா, தகராறு பண்ணின என் மேல சந்தேகம் வருமேன்னு... உள்ள இருக்கறது எண்ணி வெச்ச சரக்கு, அதனால புதுசா ஒண்ணு போட்டு வெச்சேன்."

"கறுத்துப் போவும்னு எங்கிட்டயே பாடம் நடத்தினியேய்யா!"

"கறுக்க நேரம் வேணுமுங்களே..."

"உன் மூஞ்சிக்கு ஒரு நிமிஷம் போதுமா இருந்துச்சே!"

விலங்கு மாட்டினார்கள். மைதிலி சுவரில் சாய்ந்தாள். நிம்மதி வரவில்லை. அழுகையும் வரவில்லை. மகளிடம் தானே சொல்லலாம், அது போதும்.

மறுபடி செல்போன்! மணி சரியாக ஒன்பது.

"எந்த பேக்கிங்ங்க? முடிவு பண்ணிட்டீங்களா?"

மைதிலி தரையில் கிடந்தவனை ஒருமுறை பார்த்தாள்.

"வேக்குவம்தானுங்க. பாக்கக் கறுப்பாத்தான் இருக்கும்... ஆனா பொய் சொல்லாதுங்க!"