கறையே, கரை

“நான்தான் திருடினேன்னு எழுதிக் கொடுங்க.”

காலை 9.50. விளம்பரப் பாட்டு எழுதும் பெண் இப்படிக் கேட்டதும், நிறுவனத்தின் முதலாளியம்மா நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேலாளர் சிரித்தார். நாலு வீட்டில் துணி துவைத்து அவளைப் படிக்கவைத்த அம்மா, வேலைக்குப் போன முதல் நாள் சொல்லியனுப்பியது ஒன்றுதான். “பெரியவங்ககிட்ட எதையும் எழுதிக் கேக்காதடி. நம்பலைன்னு அர்த்தமாயிடும்.”

அவள் நம்பவில்லைதான்.

மேசையில் அன்றைய நாளிதழ். அதில் கொட்டை எழுத்தில் ஒரு சோப்புத்தூள் விளம்பரம்:

*கரையே, கரை!*
*கையே, சிரி!*
*வெள்ளைச் சட்டை துள்ளி ஆடும்*
*கொடியில, கொடியில!*

மூன்று வாரம் பேருந்திலும் குளியலறையிலும் முணுமுணுத்து அவள் கட்டிய நாலு வரி. பதினொரு மணிக்கு வாடிக்கையாளர் வந்து கேட்கவிருந்த பாட்டு. போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய், வேறு சோப்பின் பெயரில் வந்துவிட்டது.

எழுதியவளைத் தவிர யார் கொடுத்திருக்க முடியும் என்றார் மேலாளர். அவளைப் பேர் சொல்லி அழைத்ததில்லை அவர். பட்டதாரி என்பதால் ‘பட்டம்’. “பட்டம் நூல் அறுந்து அந்தப் பக்கம் விழுந்திருக்கு” என்றார். முதலாளியம்மா செய்தாயா என்று கேட்கவில்லை. ஏன் செய்தாய் என்று கேட்டார். அதுதான் உறைத்தது. கோபப்படக்கூடத் தெம்பில்லாத அளவுக்கு அவளுக்குத் தூக்கம் பாக்கியிருந்தது. நாளிதழை இரண்டு தடவை படித்த பிறகுதான் எழுதிக் கேட்டாள்.

“எந்தப் பாட்டுன்னும் எழுதுங்க சார்.”

மேலாளர் எழுத ஆரம்பித்தார்.

10.05. அவள் கேட்டுக்கொண்டபடி ஒலிப்பதிவாளரை வரவழைத்தார்கள். அலுவலகத்தில் அவருக்கு ஹெட்போன் என்று பேர்.

“பாட்டுத் தாளைப் பாத்தீங்களாண்ணே?”

“கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கிறவனுக்குத் தாள் எதுக்கும்மா? காதுல விழுந்ததோட சரி.”

“கடைசி வரி?”

“வெயில்ல, வெயில்ல. நாப்பது தடவை ஓட்டியாச்சு. தூக்கத்துலயும் பாடுறேன் போல, ‘யாரு அந்த வெயிலு’ன்னு பொண்டாட்டி கேக்குறா.”

செவ்வாய் மதியம் ஒத்திகையில் ‘கொடியில’ என்ற இடத்தில் பாடகிக்கு நாக்கு இடறியது. ஒலிப்பதிவாளர் வந்து பதிவு தொடங்கும் முன்பே, பாட்டை எழுதியவள் அதை ‘வெயில்ல’ என்று மாற்றிவிட்டாள். இசையமைப்பாளரிடம் தொலைபேசியில் கேட்டார்கள். தாளைப் பார்த்துத்தான் மெட்டுப் போட்டேன், பாடகியும் தாளை வைத்துத்தான் பாடினாள் என்றார்.

மேலாளர் ஒலிப்பதிவுக்கு வரவில்லை. திங்கள் நாலு மணிக்கு அவரிடம் தாளை நீட்டியபோது, “படிக்கிற வேலை எனக்கு வேணாம், பாடு. காதுக்குப் புடிச்சா போதும்” என்று கண்ணை மூடிக்கொண்டார். தாள் அவருடைய டீ கிளாஸுக்கு அடியில் போனது.

10.20. எழுதியதை மேலாளர் நீட்டினார். அவள் படித்தாள். ‘கரையே, கரை’ என்ற பாட்டைத் திருடி விற்றதாக, அவளுடைய முழுப்பேரோடு.

“சார், சட்டையில டீ கொட்டினா என்ன விழும்?”

“கரை.”

“எந்த ர?”

மேலாளர் தன் கடிதத்தை எட்டிப் பார்த்தார்.

“நான் எழுதினது கறையே, கரை. முதல்ல வல்லின ற, துணியில படியறது. ரெண்டாவது இடையின ர, கரைஞ்சு போன்னு அதுக்கு உத்தரவு. எங்கம்மா கல்லுல தேய்க்கும்போது திட்டுற திட்டு அது. பேப்பர்ல ரெண்டும் ஒரே ர. ஒரே வார்த்தையை ரெண்டு தடவை பாடுறதா நெனைச்சிருக்காங்க. தாளைப் பாத்தவங்க அப்படி நெனைக்க மாட்டாங்க. காதால மட்டும் கேட்டவங்கதான் குடுத்திருக்கணும்.”

“நான் பேப்பரைப் பாத்து எழுதினேன்” என்றார் மேலாளர்.

“இருக்கட்டும் சார். காதால மட்டும் கேட்டது ரெண்டே பேர். அண்ணன் கேட்டது வெயில். பேப்பர்ல வந்தது கொடி. கொடியைக் கேட்டது நீங்க ஒருத்தர்தான்.”

மேலாளர் கடிதத்தைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். “அடுத்த மாசம் நீங்க அந்தப் போட்டிக் கம்பெனியில சேரப்போறதாச் சொன்னாங்க. நான்தான் நம்பல.” பிறகு அவள் பக்கம் திரும்பி, பதினொரு மணிக்குள் வேறு நாலு வரி வேண்டும், நடந்தது இந்த அறையைத் தாண்டக்கூடாது என்றார். “நீ எடுக்கலைன்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சில்ல?”

“அதையும் எழுதிக் கொடுங்கம்மா.”

“எழுத்தெல்லாம் எதுக்கு? வாயால சொன்னாப் பத்தாதா?”

அவள் மேலாளரின் கடிதத்தை நாலாக மடித்தாள். இரண்டு வருடத்தில் அவள் எழுதிய ஒரு பாட்டுக்குக் கீழும் அவள் பேர் வந்ததில்லை. அந்த அலுவலகத்தில் அவள் முழுப்பேர் எழுதப்பட்ட முதல் காகிதம் இதுதான். பைக்குள் வைத்தாள். உள்ளே அகராதியும் சாப்பாட்டு டப்பாவும் தயாராக இருந்தன. ஏன் செய்தாய் என்று கேட்டதுமே வெளியே போய் மேசையைக் காலி செய்துவிட்டுத்தான், எழுதிக் கேட்கத் திரும்பி வந்திருந்தாள்.

10.40. கதவை அவள் சாத்தவில்லை. அறையில் நடந்தது அறையைத் தாண்டட்டும் என்று திறந்தே விட்டுவிட்டு இறங்கிப் போனாள்.