பல்லிடுக்கில் ஒரு கொலை

"ஐயோ... அம்மா...!"

கிளினிக்கே அதிர்ந்தது.

வெளியே வாரப் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு போயே விட்டார்.

உள்ளே, பல் சீரமைப்பு டாக்டர் கையில் ஊசியோடு அப்படியே நின்றார்.

"சார்... நான் இன்னும் ஊசியே போடலை."

நாற்காலியில் மல்லாந்து கிடந்தவன் ஒற்றைக் கண்ணைத் திறந்தான்.

"போடலையா? அப்ப எனக்கு ஏன் வலிச்சது?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

கிளினிக்கில் அந்த ஆளுக்கு வைத்த பெயர் 'அவசரம்'. ஐம்பதைத் தொடுகிற வயது. முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே பென்சில் முனை நுழைகிற மாதிரி ஓர் இடைவெளி. வந்த நாளிலிருந்து ஒரே கேள்விதான். எப்ப முடியும்? சீக்கிரம் முடியுமா? அதைவிடச் சீக்கிரம்...?

"டாக்டர், இந்த மினி திருகு வெச்சா வேகமா முடிஞ்சிடுமா?"

"இது பிடிமானத்துக்கு சார். மாட்டைக் கட்ட முளை அடிக்கிறாங்க இல்லையா, அது மாதிரி. எலும்புல குட்டியா ஒரு திருகு. அதுல ஸ்பிரிங்கை மாட்டி இழுத்தா, நாம சொல்ற பல் மட்டும் நகரும். மத்த பல் அசையாது."

"தலைவலி போய்த் திருகுவலி வந்த கதையா ஆயிடாதே?"

"மரத்துப்போன பிறகுதான் வைப்பேன். தெரியவே தெரியாது."

"அப்ப அடுத்த மாசம் முடிஞ்சிடும்."

"சார்... பல்லு நகர்றதுக்கு அதுக்குன்னு ஒரு காலம் இருக்கு. அப்படி என்ன தலைபோற அவசரம் உங்களுக்கு?"

அவன் பதில் சொல்ல வாய் திறந்தான். டாக்டரைப் பார்த்தான். பக்கத்தில் மாஸ்க்கோடு நின்ற சிஸ்டரைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

"அது... சொந்த விஷயம் டாக்டர்."

டாக்டருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. இருபது வயசுப் பெண் அவசரப்பட்டால் காரணம் கேட்கவே வேண்டாம். ஐம்பது வயசு ஆள், பாதி ஆயுள் அந்த இடுக்கோடு வாழ்ந்தவன், இப்போது எதற்கு இப்படிப் பறக்கிறான்?

திருகை வைத்து அனுப்பினார். அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டே போனான்.

கதவு மூடியதும் சிஸ்டர் பக்கத்தில் வந்தாள்.

"மேடம்... ஒண்ணு சொல்லணும்."

மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்கள். ஒரு மாதமாகவே சிவந்து வீங்கியிருக்கிற கண்கள். கிளினிக் திறந்த நாளிலிருந்து டாக்டருக்கு வலது கை இவள்தான். மினி திருகை டாக்டர் முதன்முதலில் வைத்துப் பார்த்ததுகூட இவள் வாயில்தான். 'என் வாயில பழகிக்குங்க மேடம்' என்று போன வருஷம் தானே வந்து உட்கார்ந்தவள். அப்படி ஒரு விசுவாசம்.

"சொல்லும்மா."

"அந்த ஆளு என்னைத் தனியா கூப்பிட்டுக் கேட்டாரு. முதல் நாள் அவரு பல்லை ஸ்கேன் பண்ணினோம் இல்ல... அதை அழிச்சிடச் சொல்லி."

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார்.

"அழிக்கச் சொன்னாரா?"

"ஆமா மேடம். யாருக்கும் தெரிய வேண்டாம்னு வேற சொன்னாரு."

விசித்திரமாக இருந்தது. வருகிற அத்தனை பேரும் பழைய பல்லின் படத்தைக் கேட்டு வாங்கிப்போவார்கள். அதை அழிக்கச் சொன்னவர் இதுவரை ஒருவரும் இல்லை.

"மேடம், அவரு யாருன்னு தெரியுமா? எங்க வீட்டுக்காரர் மேனேஜரா இருந்த ஃபர்னிச்சர் கடை... அதுல செத்துப்போன முதலாளியோட பார்ட்னர்."

டாக்டர் கையுறையை மேஜையில் போட்டார்.

போன வருஷம் ஊரையே உலுக்கிய கொலை அது. தன் அறையிலேயே தலை உடைந்து கிடந்தார் முதலாளி. அவர் மணிக்கட்டில் அகலமான தோல் வார் போட்ட கடிகாரம். அந்த வாரில் பல் பதிந்த தடம். கொன்ற ஆள் கடித்த கடி! போலீஸ் பல மாதம் தட்டுத்தடுமாறிவிட்டு, போன மாதம்தான் கடையைப் பூட்டும் மேனேஜரைப் பிடித்து உள்ளே தள்ளியது. இவள் கணவன்.

"அந்தக் கடியில முன்பல்லுல இடைவெளி இருக்காம் மேடம். பேப்பர்லயே வந்துது. இவருக்கும் இருக்கு. இப்ப அதை மூடணும்னு துடிக்கிறாரு. மடியில கனம் இல்லாதவனுக்கு வழியில எதுக்கு மேடம் பயம்?"

டாக்டர் கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"என் வீட்டுக்காரர் ஒரு ஈ எறும்பைக்கூட மிதிக்க மாட்டாரு. எப்படியாவது அவரை வெளியே கொண்டு வாங்க மேடம். உங்களை விட்டா எனக்கு யாரும் இல்லை."

அழுதாள். மாஸ்க் நனைந்தது.

டாக்டர் அவள் தோளைத் தட்டினார்.

"கொண்டு வரேன். அழாதே."

*

அவசரம் அடுத்த முறை வந்தபோது, எல்லாம் தயாராக இருந்தது.

நாற்காலியில் சாய்த்தாயிற்று. உதட்டை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையத்தை வாயில் மாட்டியாயிற்று. அதை மாட்டினால் யாராலும் பேச முடியாது. எழுந்து ஓடினாலும் தெருவே சிரிக்கும்.

"அசையாம இருங்க. இதோ வந்துடறேன்."

"ஊ..." என்றான் அவசரம்.

"நான் பாத்துக்கறேன் மேடம்," என்றாள் சிஸ்டர், அவன் தலைமாட்டில் நின்றுகொண்டு.

அந்த அறையின் ஒரு மூலையில் மங்கலான கண்ணாடித் தடுப்பு. அதன் பின்னால் கம்ப்யூட்டர். அங்கே கொலை வழக்கை விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். மேஜையில் சீல் வைத்த உறை. உறையைப் பிரித்துக் கடிகாரத்தை எடுத்து வைத்தார். டாக்டர் தடித்த பேனா மாதிரி ஒரு கருவியை அதன் வாரின் மேல் ஓட்டினார்.

"என்ன டாக்டர் இது, டூத் பிரஷ் மாதிரி?"

"வாய்க்குள்ள போற கேமரா சார். பல்லைச் சுத்திக் காட்டினா போதும், திரையில அப்படியே வந்துடும். வாய் நிறைய மாவை அப்பி அச்சு எடுத்த காலம் எல்லாம் போச்சு."

"உங்க சிஸ்டரோட புருஷன் வாயைத் திறக்க ஏதாவது கருவி இருக்கா? ஒரு மாசமா கேக்கறேன். கொன்னேன்னும் சொல்லலை, கொல்லலைன்னும் சொல்லலை. கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கான்."

"அவர் பல்லு இந்தத் தடத்துக்குப் பொருந்துதா?"

"ஓரளவு பொருந்தலாம்னு ரிப்போர்ட். ஓரளவுதான்." இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார். "உண்மையைச் சொன்னா எனக்கே திருப்தி இல்லை டாக்டர். அதான் நீங்க கூப்பிட்டதும் ஓடி வந்தேன்."

திரையில் தோல் வாரின் கடி பெரிதாக எழுந்து வந்தது. நடுவில் அந்த இடைவெளி. ஓரத்தில் கோரைப்பல் மட்டும் லேசாகத் திரும்பி நின்றது.

டாக்டர் அவசரத்தின் முதல் நாள் ஸ்கேனை எடுத்தார். அதைக் கடியின் மேல் வைத்தார்.

"பொருந்தின இடம் பச்சையா வரும். பொருந்தாத இடம் சிவப்பு."

இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

சிவப்பு.

மறுபடி வைத்தார். திருப்பி வைத்தார்.

சிவப்பு... சிவப்பு... சிவப்பு...

"இடைவெளி ஒண்ணு போலதான் இருக்கு," என்றார் டாக்டர், குரல் இறங்க. "ஆனா இவருக்குக் கோரைப்பல் நேரா இருக்கு. இவர் இல்லை சார்."

"என்ன டாக்டர், அழிக்கச் சொன்னான், ஒளிக்கச் சொன்னான்னு..."

டாக்டர் விருட்டென்று எழுந்து நாற்காலிக்குப் போனார். சிஸ்டர் ஆவலோடு பார்த்தாள்.

"சார், நேரடியா கேக்கறேன். உங்க முதல் ஸ்கேனை அழிக்கச் சொன்னீங்களா?"

அவசரத்தின் கண்கள் விரிந்தன. தலையை வேகமாக ஆட்டினான். இல்லை! சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து நீட்டினான்.

முகப்புப் படமே அதுதான். இடது பக்கம் அவனுடைய பழைய பல், இடுக்கோடு. வலது பக்கம் கம்ப்யூட்டர் வரைந்து காட்டிய புதுப் பல். தினமும் பார்த்து ரசிக்கிறான் மனுஷன்!

டாக்டர் மெல்லக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் திரும்பி வந்தார். உட்கார்ந்தார்.

"அவர் சொல்லவே இல்லை சார்."

"அப்ப சொன்னது யாரு?"

"சிஸ்டர் மட்டும்தான்."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார்.

"புருஷனைக் காப்பாத்த ஒரு பொய். நானே நூறு பாத்திருக்கேன். விடுங்க."

விட முடியவில்லை டாக்டரால். பொய்தான். சரி. ஆனால் அவ்வளவு கச்சிதமாக ஒரு பொய்யா? ஸ்கேனை அழிப்பது என்கிற யோசனை ஒருத்திக்கு எங்கிருந்து வரும்?

கை தானாக நகர்ந்தது. கம்ப்யூட்டரில் இதுவரை எடுத்த அத்தனை ஸ்கேன்களோடும் அந்தக் கடியை ஒப்பிடச் சொல்லி விசையைத் தட்டினார்.

சிவப்பு. சிவப்பு. பள்ளிக்கூட டீச்சர், சிவப்பு. வங்கி அதிகாரி, சிவப்பு...

திடீரென்று திரை முழுக்கப் பச்சை!

இடைவெளி பச்சை. திரும்பி நின்ற கோரைப்பல் பச்சை. விளிம்பு விளிம்பாகப் பச்சை.

"யாரு டாக்டர்? பேரு என்ன போட்டிருக்கு?"

"'சோதனை'ன்னு போட்டிருக்கு."

"அப்படி ஒரு பேஷண்டா?"

டாக்டருக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

ஸ்கேனர் வந்து இறங்கிய நாள். விற்க வந்தவன், 'ஓட்டிக் காட்டறேன், யாராவது வாயைக் காட்டுங்க' என்றான். டாக்டருக்குக் கூச்சம். மாஸ்க்கைக் கழற்றிவிட்டு நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, 'என் ஓட்டைப்பல்தான் கிடைச்சுதா உங்களுக்கு' என்று சிரித்தாள் ஒருத்தி. 'சோதனை' என்று பெயர் போட்டு, தனியாக ஒரு மூலையில் சேமித்து வைத்துவிட்டுப் போனான் அவன். யாரும் அதை மறுபடி திறக்கவில்லை.

அந்த இடைவெளியை அடைத்தது டாக்டர். அந்தக் கோரைப்பல்லை நேராக்கியது டாக்டர். முதன்முதலாக வைத்துப் பார்த்த மினி திருகால்!

சிஸ்டரின் சிகிச்சைக் கோப்பைத் திறந்தார். இரண்டாவது ஸ்கேன் இருந்தது. மூன்றாவது இருந்தது.

முதலாவது இல்லை. அழிக்கப்பட்டிருந்தது.

"சிஸ்டர்... இங்க வா."

வந்தாள்.

"மாஸ்க்கைக் கழட்டு."

"எதுக்கு மேடம்?"

"கழட்டும்மா."

சிஸ்டர் திரையைப் பார்த்தாள். பச்சையைப் பார்த்தாள். மாஸ்க்கை மெதுவாகக் கழற்றினாள். வரிசையான, அழகான பற்கள். டாக்டர் பார்த்துப் பார்த்துப் பெருமைப்பட்ட வேலை.

"பழகிக்குங்கன்னு வந்து உட்கார்ந்தியே... அது கொலைக்கு அடுத்த வாரம், இல்ல?"

சிஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அந்த முதலாளி நல்லவன் இல்லை மேடம். வீட்டுக்காரரைப் பாக்கக் கடைக்குப் போறப்ப எல்லாம் என்கிட்ட கண்டபடி பேசுவான். இனிமே பேசாதேன்னு சொல்லத்தான் அன்னைக்குப் போனேன். கதவைச் சாத்திட்டு என் வாயைப் பொத்தினான். கடிச்சேன். கைக்குக் கிடைச்சதை எடுத்து அடிச்சேன். அவ்வளவுதான்."

"அதை அன்னைக்கே சொல்லியிருந்தா ஊரே உன் பக்கம் நின்னிருக்கும்டி!"

"யாரு நம்புவாங்க மேடம்?"

"நான் நம்பியிருப்பேன்." டாக்டர் எழுந்து அவள் எதிரே நின்றார். "ஆனா நீ என்ன பண்ணினே? பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு, எதுவும் தெரியாத ஒரு மனுஷனை என் நாற்காலியிலேயே மாட்டிவிடப் பாத்தே. அதுக்கு என்னையே கருவியாக்கினே."

சிஸ்டர் அழவில்லை. அழுது முடித்துவிட்டவள் மாதிரி நின்றாள்.

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"உன் புருஷனுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கு என் கிழிஞ்ச உதட்டுல ரத்தம் பாத்தாரு. ஒரு வார்த்தை கேக்கலை. இன்னைக்கு வரைக்கும் கேக்கலை."

"அதான் அவன் வாயே திறக்கலையா..." இன்ஸ்பெக்டரின் குரல் கொஞ்சம் இளகியது. "வாம்மா."

வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"மேடம்... அவரை வெளியே விட்டுடுவாங்க இல்ல?"

"விட்டுடுவாங்க. கொண்டு வரேன்னு சொன்னேனே." டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. டாக்டர் எவ்வளவு நேரம் அப்படியே நின்றாரோ.

"ஊ... ஊ...!"

பின்னால் ஏதோ முனகியது. திடுக்கிட்டுத் திரும்பினார்.

நாற்காலியில் அவசரம். பல்லெல்லாம் தெரிய, உதடு இரண்டு பக்கமும் இழுபட்டு, கண்ணில் நீர் வழிய, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே கிடந்திருக்கிறான். டாக்டர் ஓடிப்போய் வளையத்தைக் கழற்றினார்.

"மன்னிச்சிடுங்க சார். உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன். நீங்களாவது அந்த அவசரத்துக்குக் காரணத்தைச் சொல்லியிருக்கலாமே?"

அவசரம் தாடையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தான்.

"கல்யாணம் டாக்டர். இந்த வயசுல. சிரிப்பீங்களோன்னு சொல்லலை."

"சிரிக்க மாட்டேன் சார். சீக்கிரமே முடிச்சுத் தரேன்."

"வேண்டாம் டாக்டர், மெதுவாவே பண்ணுங்க. எதுக்கும் உங்க கைக்கடிகாரத்தை மட்டும் கழட்டி வெச்சிட்டுப் பண்ணுங்க, வலியில கடிச்சுக்கிடிச்சு வெச்சிடப் போறேன்!"