கல்குழியின் வடக்கு மூலை

எழுபத்திரண்டாம் வருஷம், கிறிஸ்துமஸ் கழிந்த மூன்றாம் நாள், வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகிற சாலையில் பஸ் மூன்று பேரை இறக்கிவிட்டுப் போனது. சேலையூர் கிருபா டீச்சர், அவருடைய கணவர் சாலமோன் சார், அவர்கள் வீட்டில் சமையல் செய்யும் செல்வமேரி.

சாருக்கு ரத்தக்கொதிப்பு. தினமும் நடக்க வேண்டும், கோபமே படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நடக்கறதுக்கு ஆபீஸ்ல லீவு குடுத்துட்டான். கோபப்படாம இருக்கறதுக்கு நீதான் லீவு குடுக்கணும்" என்றார் மனைவியிடம்.

"முதல்ல பெட்டியைத் தூக்குங்க" என்றார் டீச்சர்.

ஏரிக்கரை மேல் ஏறியதும் மலை தெரிந்தது. பெருங்கல் ஏரியின் நடுவில், மூன்று முகடாக, பச்சையும் கறுப்புமாக நின்றது. ஒரு காலத்தில் அதன் மூன்று பக்கம்தான் தண்ணீர். நாலாவது பக்கத்தைக் குவாரிக்காரர் ஜீவரத்தினம் பதினைந்து வருஷம் வெடிவைத்துப் பெயர்த்துத் தாம்பரத்து வீடுகளுக்கெல்லாம் அஸ்திவாரமாக அனுப்பினார். கல் தீர்ந்தது. குழியில் தண்ணீர் ஏறியது. மலை தீவாகிவிட்டது. அவரும் சும்மா விடவில்லை. அதில் ஒரு பங்களா கட்டி, மலையைச் சுற்றி ஒரு மணி நேர நடைபாதை போட்டு, சபைக் குடும்பங்களுக்கு விடுமுறை வாடகைக்கு விட்டார்.

இடத்தின் பெயரை டீச்சர் வீட்டில் சொன்னபோது செல்வமேரி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கத்தி விரலில் இறங்கியது. "நானும் வரேன் டீச்சர்" என்றாள்.

அவளுடைய அம்மா லூர்தம்மாள் இந்தக் குழியில்தான் கல் உடைத்தாள். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. லாரி டிரைவரோடு ஓடிவிட்டாள் என்று குவாரியிலிருந்து சேதி வந்தது. செல்வமேரிக்கு அப்போது பதினோரு வயசு. அன்றிலிருந்து அவள் பெயரே ஓடிப்போனவள் மகள். போன மாசம் அனகாபுத்தூரில் சவுரிமுத்து என்ற தறிக்காரன் வீட்டில் கல்யாணம் பேசி முடித்து, கடைசியில் அந்த ஒரு வார்த்தையால் தட்டிப்போயிற்று. அம்மா மேல் அவளுக்கு இருந்த கோபம் சாப்பாட்டில் உப்பு மாதிரி, எதிலும் கலந்திருந்தது. எந்த இடத்திலிருந்து தன்னை உதறிவிட்டுப் போனாள் என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அதற்குத்தான் வந்தாள்.

குழியைக் கடக்க ஒரு தெப்பம். டிரம்களின் மேல் பலகை. குறுக்கே கட்டிய கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டும். இழுத்தவள் தனம், ஐம்பத்தைந்து வயசு இருக்கும்.

"வெரசா ஏறுங்க. உச்சி ஆயிட்ச்சுன்னா நான் இழுக்க மாட்டேன்" என்றவள், செல்வமேரியின் முகத்தைப் பார்த்ததும் கயிற்றை நழுவவிட்டாள். "நீ யாரு பொண்ணும்மா?"

"லூர்தம்மா பொண்ணு. ஓடிப்போனாளே, அவ."

தனம் குனிந்து கயிற்றை எடுத்து இழுக்க ஆரம்பித்தாள்.

நடுக்குழியில் காற்று நின்றது. தண்ணீர் மை போல் கறுத்துக் கிடந்தது. வெடிமருந்து வாசனை, தீபாவளிக்கு மறுநாள் தெருவில் வருமே, அப்படி லேசாக வந்தது. அப்புறம் பலகைக்குக் கீழே, வெகு ஆழத்தில், சத்தம்.

டக். டக். டக்.

"மீனா இருக்கும்" என்றார் சார்.

"மீன் சுத்தியல் வெச்சிருக்குமா?" என்றார் டீச்சர். ஆனால் அவர் கை சாரின் சட்டையைப் பிடித்திருந்தது.

மத்தியானம் செல்வமேரி சோறு வடித்து இறக்கினாள். மூடியைத் திறந்தபோது சோற்றின் மேல் மெல்லிய வெள்ளைப் பொடி படிந்திருந்தது. தொட்டுப் பார்த்தாள். கல் தூள். அம்மாவின் தலைமுடியிலிருந்து சாயங்காலம் உதிருமே, அதே தூள். மேலாக வழித்து எறிந்தாள். "போனவ போனவதானே. இன்னும் எதுக்கு என் சோத்துல வந்து விழற?" என்றாள் அடுப்பைப் பார்த்து.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்கு ஜீவரத்தினமே நடைக்கு அழைத்துப் போனார். அறுபது வயசு, வெள்ளைக் கான்வாஸ் ஷூ, கையில் பிரம்பு. செல்வமேரி கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். பாதை நெடுக வெள்ளையடித்த கற்கள். கொக்குகள் தண்ணீரை ஒட்டிப் பறந்தன. உச்சிக்கு ஏறினால் மேற்கே தாம்பரம் விமான தளத்தின் சிறு விமானங்கள் தும்பி போலச் சுற்றின. கிழக்கே கோடு கிழித்தாற்போல் கடல். சார் பாறையில் உட்கார்ந்து, பத்து வருஷத்தில் இப்படித் தூங்கியதில்லை, இப்படிப் பசித்ததில்லை என்று சொல்லிக்கொண்டே போனார்.

"எல்லாம் ஆண்டவர் கிருபை, மிஸ்டர் சாலமோன்" என்றார் ஜீவரத்தினம். "இந்த மலையில பதினைஞ்சு வருஷம் வெடி வெச்சேன். ஒரு உயிர்ச்சேதம் கிடையாது. எங்க சபையில இதுக்காகவே ஸ்தோத்திரக் கூட்டம் வெச்சாங்க."

இறங்கி வரும்போது குழியின் விளிம்பில் ஒரு புங்கமரம். அதன் தாழ்ந்த கிளையில் ஒரு தூக்குச்சட்டி தொங்கியது. காற்றில்லாமலே மெதுவாக ஆடியது.

மற்றவர்கள் முன்னால் போக, செல்வமேரி நின்றாள். மரத்தடியில் தனம் இருந்தாள்.

"யாருது பெரீம்மா இந்தத் தூக்கு?"

தனம் பாதையின் இரு பக்கமும் பார்த்துக்கொண்டாள். "உங்கம்மாளுக்கு மாட்டுனது."

"ஓடிப்போனவளுக்கா?"

"ஓடல. இங்கதான் கீறா."

அவள் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. குவாரியில் ஒரு வழக்கம். காலையில் குழிக்குள் இறங்கும் பெண்கள் கஞ்சித் தூக்கை இந்தக் கிளையில் மாட்டிவிட்டு இறங்குவார்கள். உச்சிப்பொழுதில் மேலேறி அவரவர் தூக்கை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்ச் சாப்பிடுவார்கள். மரம் வெறுமையானால் குழி காலி என்று அர்த்தம். அப்புறம்தான் திரி கொளுத்துவார்கள். ஆளை எண்ணாதே, தூக்கைப் பார் என்பது ஜீவரத்தினம் போட்ட சட்டம்.

"அன்னிக்கு தபசு கால வெள்ளிக்கெளம. உங்கம்மா ஒருசந்தி. தூக்கே எடுத்தாரல. துன்னாதவ எதுக்கு மேல ஏறணும்னு வடக்கு மூலையில நெழல்ல ஜெபமாலை சொல்லிகினு குந்திட்டா. நான் மொதலாளியாண்ட சொன்னேன், லூர்து இன்னும் வர்லன்னு. மரத்துல தூக்கு இல்லியே, வூட்டுக்குப் போயிருப்பா, கொளுத்துன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் லாரிக்காரன் கதைய கட்னாரு. எனக்கு குட்ச குட்த்தாரு. வேல குட்த்தாரு. நான் வாய மூடிகினேன்." தனம் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "தெனம் கஞ்சி ஊத்தி மாட்டிட்டு வர்றேன். சாயந்தரம் பாத்தா கஞ்சி கீதாது. கல்லுத்தூள்தான் கீது. ஆனா தூக்கு தொங்கறவரைக்கும் அவ சும்மா கீறா."

பதின்மூன்று வருஷம் அம்மாவைத் திட்டியிருந்தாள் செல்வமேரி. அம்மா எங்கேயும் போகவில்லை. பசியோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

கிளையிலிருந்து தூக்கைப் பிடுங்கினாள். தனம் கையை நீட்டித் தடுப்பதற்குள் நடந்துவிட்டாள்.

பங்களா வராந்தாவில் சாப்பாட்டு மேஜை. மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். செல்வமேரி தூக்கை ஜீவரத்தினத்தின் தட்டுக்குள் வைத்தாள்.

"எங்கம்மாவ எந்த லாரியில ஏத்தி அனுப்புனீங்க? நம்பர் சொல்லுங்க."

ஜீவரத்தினம் துடைக்கும் துணியை மெதுவாக மடித்தார். "யாரு நீ? ஓ, அந்த லூர்து பொண்ணா. அதெல்லாம் பழைய கதைம்மா. உன் அம்மா நடத்தை சரியில்ல. நான் என்ன பண்ண முடியும்? மிஸ்டர் சாலமோன், வேலைக்காரங்களைக் கொஞ்சம் அடக்கி வைங்க."

"அவ எங்க வீட்டுப் பொண்ணு" என்றார் டீச்சர். "கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

அப்போதுதான் தனம் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "இன்னா பண்ட்டேம்மா. மரத்த காலியா உட்டுட்டு வந்துட்டியே."

சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு அடித்தது.

குழியிலிருந்து ஒரு குரல் எழுந்தது. பெண் குரல். நீட்டி, நிதானமாக, திரிக்கு நெருப்பு வைக்கும் முன்னால் மேஸ்திரி கொடுக்கும் குரலைப் போல.

"வேட்டேய்…"

தட்டுகள் நடுங்கின.

"வேட்டேய்…"

சாலமோன் சார் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாவது குரல் வந்தபோது வெயில் மங்கியது. வெடிச்சத்தம் எதுவும் கேட்கவில்லை. தரை மட்டும் ஒருமுறை தூக்கிப் போட்டது. வானத்திலிருந்து வெள்ளைத் தூள் சன்னமாக இறங்கத் தொடங்கியது.

ஜீவரத்தினம் எழுந்தார். வராந்தாவிலிருந்து தெப்பம் இருபது அடி. "நான் அக்கரைக்குப் போய் ஆள் கூட்டிட்டு வர்றேன்" என்று வலப்பக்கம் இறங்கினார். தெப்பத்தை நோக்கித்தான் போனார். அவர்கள் கண் எதிரிலேயே போனார். புகை போன்ற தூளில் மறைந்தார்.

ஐந்து நிமிஷத்தில் மலையின் இடப்பக்கத்திலிருந்து நடந்து வந்தார்.

"இதோ தெப்பம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வராந்தாவைக் கடந்து போனார். அவர்களைப் பார்க்கவில்லை. ஷூவும் கணுக்காலும் வெள்ளையாகியிருந்தன.

மறுபடி இடப்பக்கம்.

இப்போது முழங்கால் வரை வெள்ளை. பிரம்பு கையில் இல்லை. "இதோ, இதோ" என்று உதடு மட்டும் அசைந்தது. ஒரு மணி நேரத்துப் பாதையை ஐந்து நிமிஷத்தில் சுற்றி வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில், தூளில் பாதத் தடங்கள் பதிந்துகொண்டே வந்தன.

வெறுங்கால் தடங்கள். சின்னவை.

மூன்றாம் சுற்றில் தூள் இடுப்பு வரை ஏறியிருந்தது. அது அவர் மேல் படியவில்லை. அவரைக் கீழிருந்து மூடிக்கொண்டு வந்தது. செல்வமேரி பாதையில் இறங்கிக் குறுக்கே நின்றாள். பயம் இல்லாமல் இல்லை. கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"எங்கம்மா எங்க?"

"ஓடிட்டா" என்றார். "லாரிக்காரனோட…"

கால்கள் அவரை இழுத்துக்கொண்டு போயின.

நான்காம் சுற்றில் தொண்டை வரை வெள்ளை. ஷூ தேய்ந்து நார்நாராகி, விரல்கள் ரத்தமாக வெளியே தெரிந்தன. வாயின் ஓரத்தில் தூள் சேரத் தொடங்கியிருந்தது.

"எங்கம்மா எங்க?"

"குழியில" என்றார். "வடக்கு மூலையில. தனம் வந்து சொன்னா. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான்… லோடு நேரமாயிடுச்சுன்னு நான்தான் கொளுத்தச் சொன்னேன்."

"சத்தமா. சாருக்குக் கேக்கணும்."

சொன்னார். சாருக்குக் கேட்டது. டீச்சருக்குக் கேட்டது. ஜீவரத்தினம் மடங்கி விழுந்தார். தூள் பெய்வது நின்று, வெயில் பளிச்சென்று அடித்தது. ஏரியில் கொக்குகள் பழையபடி நின்றிருந்தன.

கோபமே படக்கூடாத சாலமோன் சார் அதற்கப்புறம் நாலு மாசம் கோபப்பட்டார். மனு மேல் மனு எழுதினார். ஆபீசுக்கு ஆபீஸ் ஏறி மேஜையைத் தட்டினார். சித்திரை வெயிலில் இன்ஜின் வைத்துக் குழியை இறைத்தார்கள். வடக்கு மூலையில், பெயர்ந்து விழுந்த பாறைக்கடியில், உட்கார்ந்த வாக்கில் எலும்புகள். விரலெலும்புகளுக்குள் ஜெபமாலை. காகிதத்தில் விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள். ஜீவரத்தினத்தை யாரும் ஒரு நாள்கூட உள்ளே வைக்கவில்லை. கால் புண் ஆறாமல் படுத்திருக்கிறார் என்று மட்டும் கேள்வி.

எலும்புகளைத் தாம்பரத்தில் அடக்கம் செய்த பங்குச் சாமியார் அடக்கப் புத்தகத்தில் லூர்தம்மாள் என்று எழுதி, வேலை செய்த இடத்தில் இறந்தாள் என்றும் எழுதினார். செல்வமேரி அந்த வரியை விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அனகாபுத்தூரிலிருந்து சவுரிமுத்து வீட்டார் தட்டோடு வந்தார்கள்.

"எங்கம்மா ஓடிப்போனவளா இருந்தப்போ வராத காலு இப்போ இன்னாத்துக்கு வருது? செத்தவன்னு தெரிஞ்சதும் சுத்தமாயிட்டாளா?" என்று கேட்டு, தட்டை அப்படியே திருப்பி அனுப்பினாள்.

தாம்பரம் கல்லறைத் தோட்டத்துக்கு ஒருநாள் வண்டியில் ஒரு கல் வந்திறங்கியது. வழவழவென்று இழைத்த கருங்கல். அதே மலையின் கல். ஜீவரத்தினத்தின் மகன் அனுப்பியிருந்தான். 'அமைதியில் துயில்கிறாள்' என்று செதுக்கியிருந்தது. செல்வமேரி வேண்டாம் என்றாள். கொடுக்கிறவர்கள் மனசை நோகடிக்கக் கூடாது என்று சாமியார் வைக்கச் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை வைத்தார்கள். வெள்ளிக்கிழமை உச்சியில் அது இரண்டாகப் பிளந்தது. கொத்தன் சாம்பசிவன், கல்லில் ஏற்கெனவே வரி ஓடியிருக்கும் என்றான். வேறு கல் வந்தது. அதுவும் வெள்ளிக்கிழமை பிளந்தது. மூன்றாவதற்கு அவன் அடியில் சிமெண்ட் போட்டு, சுற்றி இரும்புப் பட்டை இறுக்கினான்.

அந்த வெள்ளிக்கிழமை செல்வமேரி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு மணிக்கு ஒரு சத்தமும் இல்லை. இரும்புப் பட்டை மட்டும் நூல் போல அறுந்து விழுந்தது. 'அமைதி' என்ற எழுத்துக்களின் நடுவில் மேலிருந்து கீழாகக் கோடு விழுந்தது. சாம்பசிவன் சட்டியைப் போட்டுவிட்டுக் கும்பிட்டான்.

"இன்னா செய்யட்டும்மா?"

"இனிமே எந்தக் கல்லும் வெக்காதண்ணா."

அவள் பிளவுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். கல் கொதித்தது. விரலை எடுக்க மனமில்லாமல், சூடு பொறுக்கும் மட்டும், அப்படியே வைத்திருந்தாள்.