இருபத்தொன்பது சாட்சிகள்

ட்ரிங்... ட்ரிங்...

கிளினிக் டெலிபோன் அலறியது.

பல் டாக்டர் கையை நீட்டினாள்.

"தொட்டீங்க... சுட்டுடுவேன்!"

மிட்டாய் கம்பெனி முதலாளியின் வலது கையில் துப்பாக்கி. இடது கையால் டெலிபோன் ஒயரைப் பிடுங்கி எறிந்தார். மணிச் சத்தம் பாதியில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை. பகல் பதினொரு மணி. விடுமுறைதான். 'பல்வலி தாங்கலைங்க' என்று யாரோ போனில் கெஞ்சவும், பாவம் என்று வந்து கதவைத் திறந்திருந்தாள்.

இப்போது கதவு பூட்டியிருந்தது. சாவி முதலாளியின் சட்டைப் பையில். ஜன்னல் முழுக்க இரும்புக் கம்பி.

வாசலை அடைத்துக்கொண்டு முதலாளியின் டிரைவர். வாட்டசாட்டமான ஆள். ஒரு கையால் கன்னத்தைப் பொத்தியிருந்தான்.

பல் பார்க்கும் நாற்காலியில் இன்னொருவன். கழுத்து வரை கம்பளி. வாய் பிளந்திருந்தது. பின்னந்தலையில் உறைந்த ரத்தம்!

அவனை அவளுக்குத் தெரியும். கம்பெனியில் மிட்டாய் ருசி பார்ப்பவன். எல்லோரும் 'நாக்கு' என்றே கூப்பிடுவார்கள்.

"என்ன ஆச்சு இவருக்கு?"

"மாடிப்படியில விழுந்துட்டான்."

"தானாவா?"

"நான் கொஞ்சம் ஒத்தாசை பண்ணேன்!" முதலாளி சிரித்தார். "உயிர் போயிடுச்சு. டிரைவர் நாடி பிடிச்சுப் பாத்துட்டான். இனிமே உங்க வேலை... இவன் வாயில இருக்கற அத்தனை பல்லையும் பிடுங்கணும்!"

"கடவுளே! எதுக்கு?"

"நாளைக்கு எல்லா ஸ்கூலுக்கும் நம்ம எலுமிச்சை மிட்டாய் போகுது. 'சர்க்கரை இல்லை, பல்லுக்கு நண்பன்'னு டப்பா மேலயே அச்சடிச்சிருக்கேன். இவன் என்னடான்னா, பத்திரிகைக்காரங்ககிட்ட வாயைத் திறந்து காட்டறேங்கறான்! பொணத்தைப் பாக்கறவங்க கண்ணுலகூட அந்தப் பல்லு படக்கூடாது!"

ஆறு வருஷம். தினம் நாற்பது மிட்டாய். நாக்கின் பற்கள் கரைந்து, மஞ்சளாக மழுங்கிப் போயிருந்தன. அவனுடைய கார்டில் அதை எழுதி வைத்தவளே அவள்தான். மொத்தம் இருபத்தொன்பது பற்கள்.

"சர்க்கரையே இல்லாம பல்லு எப்படிங்க போகும்? அநியாயமா எழுதி வச்சிருக்கீங்க!" முதலாளி சீறினார்.

"சர்க்கரைக்குப் பதிலா போடறீங்களே, அது மேல தப்பில்ல சார். வாயில இருக்கற கிருமிக்கு அதைத் தின்னத் தெரியாது. அதனால சொத்தை வராது. ஆனா புளிப்புக்காக அமிலத்தை அள்ளிக் கொட்டறீங்களே... அதுக்குக் கிருமியே தேவையில்ல. நேரா பல்லைக் கரைச்சிடும். புளிப்பைக் குறைங்கன்னு உங்களுக்கு மூணு லெட்டர் போட்டேன்."

"புளிப்புக்காகத்தான் வாங்கறாங்க! லெட்டர் போட்ட கையாலயே பிடுங்குங்க!"

துப்பாக்கி முனை அவள் கழுத்தைத் தொட்டது.

வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்தாள். நாக்கின் வாய்க்குள் விட்டாள்.

கண்ணாடி மங்கியது!

மூச்சு... மூச்சு இருக்கிறது! பிணம் இல்லை!

சொன்னால்? அடுத்த நொடி இவர் சுட்டுவிடுவார். சொல்லாவிட்டால்? உயிருள்ளவன் வாயிலிருந்து இருபத்தொன்பது பற்களைப் பிடுங்க வேண்டும்!

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"கண்ணாடி... அழுக்கா இருக்கு."

வெந்நீரில் முக்கி எடுத்தாள். தினமும் செய்வதுதான். சூடான கண்ணாடியில் மூச்சுப் படியாது. மறுபடி உள்ளே விட்டாள். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. முதலாளி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

தப்பித்தோம் என்று நினைத்த கணத்தில்தான் அந்தத் தப்பைச் செய்தாள்.

பதினெட்டு வருஷப் பழக்கம். பல் எடுப்பதற்கு முன்னால் கை தானாகவே ஊசியில் மருந்தை ஏற்றியிருந்தது!

"என்னது அது?"

"ம... மரத்துப்போற ஊசி..."

"பொணத்துக்கு எதுக்கு மரத்துப்போற ஊசி?"

முதலாளியின் கண்கள் சுருங்கின. மெல்லக் குனிந்து நாக்கின் முகத்தைப் பார்த்தார்...

"மொதலாளி!" டிரைவர் முன்னால் வந்தான். "நான்தான் போன்லயே சொன்னேனே... மூணு நாளா கடவாய்ப்பல் உயிரை எடுக்குது. அந்த ஊசியை எனக்குப் போடச் சொல்லுங்க. புண்ணியமாப் போகும்!"

"நேரங்காலம் தெரியாதாடா உனக்கு? சரி, போட்டுத் தொலைங்க. இவன் முனகல் வேற கேக்க முடியல."

டிரைவர் வாயைத் திறந்தான். சொத்தை எதுவும் அவள் கண்ணில் படவில்லை. ஆராய நேரமும் இல்லை. கொலைகாரனின் ஆள்தான். இருந்தாலும் வலி வலிதானே?

"சுருக்குன்னு இருக்கும்ப்பா. மூச்சை இழுத்து விடுங்க."

மெதுவாகப் போட்டாள். அவன் கண்களில் ஏனோ நீர் கோர்த்தது.

"போதும்! பிடுங்குங்க!"

குறடை எடுத்தாள். டிரைவர் வந்து நாக்கின் தலையைப் பிடித்துக்கொண்டான். முன்பல்லில் குறடு லேசாகப் பட்டதுதான் தாமதம்...

"ம்ம்... மா..."

நாக்கு முனகினான்!

"டேய்! உயிரோட இருக்கான்டா!"

துப்பாக்கி திரும்பியது. அவள் யோசிக்கவில்லை. தலைக்கு மேலிருந்த விளக்கை இழுத்து முதலாளியின் கண்ணுக்கு நேராகத் திருப்பினாள்!

"ஆ!"

டிரைவர் பாய்ந்தான்.

அவள் கண்களை மூடிக்கொண்டாள். முடிந்தது. இரண்டு பேருக்கும் முடிந்தது...

டுமீல்!

கூரையிலிருந்து சுண்ணாம்புதான் உதிர்ந்தது. கண்ணைத் திறந்தாள்.

முதலாளி தரையில் குப்புறக் கிடந்தார். அவர் முதுகில் டிரைவர் உட்கார்ந்திருந்தான்! துப்பாக்கி அலமாரிக்கு அடியில்.

"துரோகி!" முதலாளி உறுமினார். "செத்துட்டான்னு நீதானடா சொன்னே?"

"உயிர் இருக்குன்னு சொல்லியிருந்தா, அங்கயே சுட்டிருப்பீங்களே மொதலாளி."

டாக்டர் திகைத்தாள். "அப்ப... பல்லைப் பிடுங்கற யோசனை?"

"அதுவும் நான்தான் டாக்டரம்மா. எப்படியாவது ஒரு டாக்டர்கிட்ட இவரை உயிரோட கொண்டு வந்து சேர்க்கணுமே!"

"என்கிட்ட ஏன்?"

"என் பொண்ணு இந்த நாற்காலியில ஏற மாட்டேன்னு அழுதா. நீங்க தரையில சப்பணம் போட்டு உக்காந்து, அவளை மடியில படுக்க வச்சுப் பல்லு பாத்தீங்க. ஞாபகம் இல்லையா?"

அவளுக்கு ஞாபகம் இல்லை. செய்தவள் மறந்துவிட்டாள். ஒரு தகப்பன் மறக்கவில்லை. மனசுக்குள் கைகூப்பினாள்.

முதலாளியின் பையிலிருந்த செல்போனிலேயே ஆம்புலன்சுக்கும் போலீசுக்கும் சொன்னாள். நாக்கின் காயத்துக்குத் துணியை வைத்து அழுத்தினாள்.

"சரி, உங்க பல்வலி?"

"எனக்கு ஏதுங்க பல்வலி?" டிரைவரின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. "உங்களை வரவழைக்க போன்ல சொன்ன பொய் அது. ஊசியும் கையுமா மாட்டிக்கிட்டீங்களேன்னு அதையே மறுபடி சொன்னேன். அதுக்காக நிஜமாவே போட்டுட்டீங்களே டாக்டரம்மா! பாதி வாய் மரத்துக் கிடக்கு... போலீஸ் வந்தா, மிச்ச வாக்குமூலத்தை சாயந்திரமா வந்து வாங்கிக்கச் சொல்லுங்க!"